சைலன்சர் நட்டுக்கு நீளக் குழாய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் வந்த ஒரு குறிப்பு பற்றி எழுதுகிறேன். துருப்பிடித்த சைலன்சர் நட்டுக்கு ஸ்ப்ரே அடித்து, பத்து நிமிடம் விட்டு, ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுக்க வேண்டும் என்றும், ஸ்டட் (இன்ஜினில் பதிந்து நிற்கும், நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தால் ஈஸி அவுட் (முறிந்த துண்டில் துளையிட்டு, உள்ளே செலுத்தித் திருகி எடுக்கும் கருவி) போட்டு எடுத்துவிடலாம் என்றும் அதில் இருந்தது. இதை நம்பி இறங்கினால், புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கட் மாற்றப் போன வண்டி, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் நிற்கும்.

பல கார்களில் ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. சூடேறும்போது எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. நட்டின் மேலுள்ள துத்தநாகப் பூச்சோ 420 டிகிரியிலேயே உருகிவிடும். பூச்சு போன இடத்தில் துரு ஏறுகிறது. தின்ற இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால்தான் மரை இறுகிப்போகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

வண்டிக்கு அடியில் குழாய்களை இணைக்கும் ஸ்பிரிங் போல்ட் என்றால் மல்லுக்கட்டவே வேண்டாம். பெட்ரோல் லைனை மறைத்துவிட்டு கிரைண்டரால் அறுத்துத் தள்ளுங்கள். புது போல்ட், ஸ்பிரிங், வளைய கேஸ்கட் மூன்றும் சேர்ந்தாலும் மல்லுக்கட்டச் செலவாகும் கூலியைவிட மலிவு.

பொறுமை வேண்டியது மேனிஃபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) ஸ்டட்டுக்குத்தான். கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, ஆறிய இன்ஜினில் மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். ஆறுமுனை பாக்ஸ்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் நட்டின் மூலையை மழித்துவிடும். முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கால் சுற்று கழற்றி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, இப்படியே வெளியே கொண்டுவர வேண்டும். ஸ்பேனர் நகர்கிறது, ஆனால் கைக்கு ரப்பரை முறுக்குவது போலத் தெரிகிறது என்றால், திரும்புவது நட்டு அல்ல, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அங்கேயே நிறுத்த வேண்டும். குழாய் மாட்டியவருக்கு இந்த உணர்வு கைக்கு வருவதற்குள் முறிந்துவிடும்.

அடுத்தது சூடு. நட்டை மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். சுடரை ஹெட் பக்கம் திருப்பக் கூடாது: சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், ஹெட்டின் அலுமினியக் கலவை அதற்கும் முன்பே உருகத் தொடங்கும், நிறம் மாறி எச்சரிக்காது. ஆக்சிஜன் சென்சாரின் வயரை ஒதுக்கிவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடரோ வெல்டிங்கோ கூடவே கூடாது. எழும்பும் பாஸ்ஜீன் புகை உயிருக்கே ஆபத்து.

முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் அடித்து, சிவப்பு தணிந்ததும் மெல்லத் திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டத்தோடு முறிந்திருந்தால் துளைதான் வழி: முனையை அரத்தால் சமப்படுத்தி, நட்ட நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்க வேண்டும். இடம்புரி பிட் கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு சுழன்று வருவதுண்டு. நடு தப்பினால் பிட் மெத்தென்ற அலுமினியத்துக்குள் சரிந்துவிடும். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு (மரை இடைவெளி 1.25 மி.மீ.) துளையை 6.8 மி.மீ. வரை பெரிதாக்கி, மிஞ்சும் மரைச் சுருளை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு எடுக்கலாம். ஹெட்டின் மரையே போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே திருகும் கம்பிச் சுருள்).

ஈஸி அவுட்டை நான் கடைசியில்கூட வைக்க மாட்டேன். சூட்டுக்கும் வெல்டிங்குக்கும் அசையாத துண்டை, அதைவிட மெலிந்த, கடினமான, நொறுங்கும் கருவி எப்படி அசைக்கும்? அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் இறங்காது. ஹெட்டைக் கழற்றி, ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) உள்ள டூல் ரூமுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மாட்டும்போது கம்பெனி ஸ்டட், புது நட்டு, மெல்லிய பூச்சாக ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது). பேஸ்ட் தடவினால் மரையில் உராய்வு குறையும். மேனுவலில் உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கு அளவை) அப்படியே வைத்தால் கூடுதலாக இறுகிவிடும். நட்டுகளை நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் இறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஸ்டட் முறியலாம் என்பதையும் அதற்கான கூலியையும் வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பில் போடும்போது தகராறு இருக்காது. உரிமையாளர்களும் வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுவிடுவது நல்லது. அந்த ஈஸி அவுட் குறிப்பையாவது அடுத்த வாரம் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி.