ஹெர்க் ஆன்டிபாடி வாங்குனவங்களுக்கு: ரெண்டு பேண்ட் வந்தா பதறாதீங்க

வணக்கம், சுங்கைப்பட்டாணி கடையிலருந்து எழுதுறோம்.

ஹெர்க்ங்கிறது (hERG) இதயத்துல உள்ள ஒரு பொட்டாசியம் சேனல் புரோட்டீன், அதைப் பிடிச்சுக் காட்டுற லேப் சாமான்தான் ஹெர்க் ஆன்டிபாடி. அத வாங்கிட்டுப் போனவங்க போன் பண்ணி அடிக்கடி கேக்குறது இதுதான், "அண்ணே, பிளாட்ல ரெண்டு பேண்ட் வருது, சாமான் கெட்டுப்போச்சு போல, மாத்திக் குடுங்க". பிளாட்னா புரோட்டீன சைஸ் வாரியா பிரிச்சுக் காட்டுற சோதனை, பேண்ட்னா அதுல தெரியிற கோடு. மாத்த வேணாங்க. ரெண்டு வந்தாத்தான் சாமான் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இந்தப் பொட்டாசியம் சேனல் செல்லுக்குள்ள உருவாகுறப்ப முதல்ல கொஞ்சம் சர்க்கரை ஒட்டி 135 கிலோடால்டன் (புரோட்டீனோட எடை அளவு) பக்கம் நிக்கும், அப்புறம் கோல்ஜிங்கிற, செல்லுக்குள்ள புரோட்டீன முடிச்சு அனுப்புற இடத்துக்குப் போய் முழுசா சர்க்கரை ஏறி 155 ஆகி செல்லோட மேல்பரப்புக்கு வந்து சேரும், இதயத் துடிப்புக்கு உழைக்கிறது அந்த 155தான். லாங் க்யூடி டைப் 2-ங்கிற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறோட மியூட்டேஷன் பலதுல கீழ் பேண்ட் மட்டும் தடியா நிக்கும், மேல ஒண்ணுமே இருக்காது, சேனல் உள்ளேயே மாட்டிக்கிச்சு. பென்டமிடின் மருந்தும் இப்படித்தான், சேனல மேல வரவிடாம பண்ணிடும். அதனால மூலிகைச் சாறு குடுத்து ஹெர்க் குறையுதான்னு பாக்குற தம்பி தங்கச்சிங்க, தயவுசெஞ்சு ரெண்டு பேண்டையும் தனித்தனியா அளங்க, கூட்டி ஒரே நம்பரா போட்டா முக்கியமான சேதியே போயிடும்.

சந்தேகம்னா முழுசா முடியாத சர்க்கரைய மட்டும் வெட்டி எடுக்குற எண்டோ ஹெச் என்சைம் போட்டுப் பாருங்க, கீழ் பேண்ட் இன்னும் கொஞ்சம் இறங்கும், மேல உள்ளது அசையாது. ஹெர்க் போடாத வெறும் ஹெச்இகே செல்லையும் (லேப்ல வளக்குற மனித செல்) பக்கத்து லேன்ல ஓட்டுங்க, அதுல ரெண்டும் வரக்கூடாது. இதயத் திசுன்னா 1பி-ங்கிற குட்டை வகையும் இருக்கும், அது 80, 95 கிலோடால்டன் பக்கம் தெரியும், அதுவும் ஹெர்க்தான்.

சாம்பிள மட்டும் 95 டிகிரியில கொதிக்க வைக்காதீங்க! மெம்ப்ரேன் புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஜெல்லுக்குள்ளயே இறங்காம சாம்பிள் ஊத்துற கிணத்து (வெல்) வாயிலயே கறுப்பா திட்டு திட்டா நின்னுடும், 37 டிகிரியில அரை மணி நேரம் வச்சா போதும். இந்த ஆன்டிபாடி பிடிக்கிற சி-டெர்மினல் வால் செல்லுக்கு உள்பக்கம் இருக்கு, அதனால இம்யூனோ ஸ்டெயின் (ஆன்டிபாடியால செல்லுல புரோட்டீன் எங்க இருக்குன்னு பாக்குறது) பண்றவங்க சோப்பு மாதிரியான டிரைட்டான் போட்டு செல்ல திறந்துட்டுத்தான் ஊத்தணும்.

வயல் வந்த அன்னிக்கே சின்னச் சின்ன டியூப்ல பிரிச்சு மைனஸ் 20-ல வைங்க, திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சா ஆன்டிபாடி செத்துடும். டெலிவரி பத்தி ஒண்ணு, நம்ம கெடாவுல வெள்ளி சனி லீவு, பினாங்கு பக்கம் சனி ஞாயிறு, நடுவுல பார்சல் வெயில்ல கிடக்கக்கூடாதுன்னு ஞாயிறுலருந்து செவ்வாய்க்குள்ளதான் ஐஸ் பாக்ஸ் அனுப்புவோம், அவசரம்னா கடைக்கு வந்து கையோட வாங்கிட்டுப் போங்க.

இன்னும் சரியா வரலன்னா படத்த வாட்ஸப் பண்ணுங்க, பேண்ட மட்டும் வெட்டி அனுப்பாம சைஸ் காட்டுற லேடரோட முழு பிளாட்டும் தெரியணும், பார்த்துட்டு நாங்களே கூப்பிடுறோம்.