மால் வரட்டும், கடைவீதியையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது, சேலத்துக்கு மட்டும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பெரிய மால் ஏன் இல்லை என்று இங்கே யாரைப் பார்த்தாலும் கேட்கிறார்கள், என் வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்துத்தான். வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த மால் எந்த ஊரில், எதற்காக முளைத்தது என்று தேடிப் படித்தபோது, நாம் தப்பான பொருளைக் கேட்டு அடம்பிடிக்கிறோமோ என்று தோன்றியது.

அமெரிக்காவின் வடக்குக் கோடியில் மின்னியாபொலிஸ் என்று ஒரு நகரம். குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கெல்லாம் இறங்கிவிடும். அந்த ஊரின் பெரிய கடைக்காரக் குடும்பமான டேட்டன் குடும்பத்தார், எடைனா என்ற புறநகரில் ஒரு வணிக வளாகம் கட்ட விக்டர் குரூன் என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டார்கள். அவர் வியன்னாக்காரர், யூதர், 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பி வந்தவர். கடைக்குப் போக வானிலை தோதாக இருப்பது இந்த ஊரில் வருஷத்துக்கு 126 நாள்தான், பேசாமல் மொத்தக் கடைவீதிக்கும் கூரை போட்டுவிடலாம் என்றார் அவர். அப்படித்தான் 1956 அக்டோபர் 8-ல் சவுத்டேல் திறந்தது. அமெரிக்காவில் முழுக்கக் கூரை போட்டு ஏசி செய்த முதல் மால் அது. செலவு 2 கோடி டாலர், 72 கடைகள், 5,000 கார்களுக்கு மேல் நிறுத்த இடம், வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 24 டிகிரி, நடுக்கூடத்தில் மரங்கள், உயரமான கூண்டுக்குள் பறவைகள். கடைகள் எல்லாம் உள்பக்கம் பார்த்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் சுவர். டேட்டன் குடும்பம் தன் போட்டிக் கடையான டொனால்ட்சன்ஸையும் அதே கூரைக்குள் சேர்த்துக்கொண்டது (நம் ஊர் ஜவுளிக்கடை முதலாளிகள் கவனிக்க).

குரூன் மனசில் இருந்தது வெறும் கடைகள் இல்லை. சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா என்று ஒரு சின்ன ஊரையே வரைந்து வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறியதும் அந்தத் திட்டம் அவர் நினைத்தபடி நடக்காமல் போனது. மிஞ்சியது மாலும் கார் நிறுத்துமிடமும். அதைத்தான் நாடு முழுக்க நகல் எடுத்தார்கள். 1978-ல் ஒரு மேடையில் அவரே அந்த நகல்களைத் தன் பிள்ளைகள் என்று ஏற்க முடியாது என்று கைகழுவிவிட்டார். கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பி, பழைய நகரத்துக்குள்ளிருந்து கார்களை வெளியேற்ற வேண்டும் என்று வாதாடினார். அங்கே முக்கியக் கடைவீதியான கெர்ட்னர் தெரு 1974-ல் நடப்பவர்களுக்கு மட்டும் என்றானது. மின்னியாபொலிஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை, 1967-ல் தங்கள் நிக்கொலெட் வீதிக்குள் கார்கள் வராமல் தடுத்து, அதைப் பேருந்துக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள்.

குரூன் கூரைக்குள் கொண்டுவரப் பார்த்த அந்த வீதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி, செவ்வாய்ப்பேட்டை. கொலுசிலிருந்து கல்யாணப் புடவை வரை நடந்தே வாங்கிவிடலாம், நடக்க இடம் இருந்தால்! முகூர்த்த மாதத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒரு கையில் ஜவுளிப் பை, இன்னொரு கையில் குழந்தை, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் ஸ்கூட்டர், சாக்கடை மூடி பெயர்ந்த இடத்தில் தாண்டிக் குதிக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று என் மாமியார் ஒரு நகைக்கடைப் படியில் உட்கார்ந்தால், வாசலை மறைக்காதீங்கம்மா என்று எழுப்பிவிட்டார்கள். கழிப்பறை வேண்டுமென்றால் ஏதாவது ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, வேண்டாத நைட்டி ஒன்றை எடுத்துவிட்டுத்தான் கேட்க முடிகிறது.

மாலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் எதையும் வாங்குவதில்லை, உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் வண்டிப் பயமில்லாத தரையும் கிடைக்கிறது என்று போகிறார்கள், அப்புறம் ஏசி. ஏசியைத் தவிர மற்றதெல்லாம் மாநகராட்சி செய்யக்கூடிய வேலைதானே? ஏசி இல்லாவிட்டால் என்ன, சித்திரை வெயிலுக்குச் சில ஊர்களில் சிக்னலில் பச்சை வலை கட்டுகிறார்களே, அதைக் கடைவீதியிலும் கட்டலாம்.

வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தீபாவளி நெருக்கத்தில் அந்தத் தெருக்களில் வண்டி நகரவே முடியாது, அப்போதுதான் வியாபாரம் உச்சத்தில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்தை ஈரடுக்காகக் கட்டியாயிற்று, அங்கே இறங்கினால் முதல் அக்ரஹாரம் நடக்கிற தூரம்தான். சரக்கு இறக்கும் வண்டிகளைக் காலையில் விட்டுவிடலாம். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் முதல் அக்ரஹாரத்துக்குள் வண்டிகள் வராமல் தடுத்து, ஒரு மூன்று மாதம் மாநகராட்சி சோதனை செய்து பார்க்கட்டும். அந்தச் சாக்கில் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிக்காரர்களை விரட்ட வேண்டாம். பெண்களுக்கான கழிப்பறையை மட்டும் சோதனை முடியும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே கட்டச் சொல்லி உங்கள் நாளிதழும் கொஞ்சம் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்