சொற்பிறப்புக்குக் கட்டுக்கதை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வரும் அரிய ஆங்கிலச் சொற்களுக்கான விளக்கங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில், சிலையின் விரிசலை மெழுகு பூசி மறைக்காத நேர்மையான ரோமானியச் சிற்பிகளின் ‘சினே கேரா’, அதாவது ‘மெழுகின்றி’ என்ற தொடரிலிருந்தே ‘சின்சியர்’ பிறந்ததாக எழுதப்பட்டிருந்தது. கேட்க நன்றாயிருக்கும் இக்கதையை ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஏற்பதில்லை. தூய, கலப்பற்ற என்று பொருள்படும் ‘சின்கேருஸ்’ என்ற லத்தீன் சொல்லே அதன் மூலம்.

‘சினே’ மெய்யாகவே ஒளிந்திருக்கும் சொல் ‘சினிக்யூர்’. விசுவாசிகளின் ஆன்மநலனைக் கவனிக்கும் பொறுப்பு இல்லாமல் (சினே கூரா) வருமானம் மட்டும் உள்ள திருச்சபைப் பதவியை முதலில் குறித்த இது, பின்னர் வேலையின்றிச் சம்பளம் வரும் எந்த நாற்காலிக்கும் பொதுவாயிற்று.

உண்மை வரலாறே கதையை விஞ்சும் இடங்களும் உண்டு. ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்றால் ஒருவரைச் சன்னல் வழியே வெளியே வீசுதல். லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்பது சன்னல். 1618 மே 23 அன்று பொஹிமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் பிராக் கோட்டைச் சன்னலிலிருந்து தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தனர். தேவ அருள் காத்தது என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேடு காத்தது என்றார்கள் எதிர்த்தரப்பினர். செயலர் ஃபாப்ரிசியுஸுக்குப் பிற்பாடு பிரபுப் பட்டம் கிடைத்தபோது அதனுடன் சேர்ந்த பெயர் ‘ஹோஹென்ஃபால்’, அதாவது ‘உயர்ந்த வீழ்ச்சி’! ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் மூண்டது இந்த நிகழ்விலிருந்துதான். நம் வீட்டுச் சன்னலுக்கும் லத்தீன் உறவு உண்டு: அது போர்த்துகீசிய ‘ஜனெலா’வின் வழி வந்தது, அதன் வேர் கதவைக் குறிக்கும் ‘இயானுவா’.

சசி தரூர் 2018இல் எழுதிப் பரபரப்பாக்கிய ‘ஃப்ளாக்ஸிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ (ஒன்றை மதிப்பற்றதெனக் கருதுதல்) என்ற 29 ஆங்கில எழுத்துச் சொல்கூடப் பிரித்துப் பார்த்தால் எளிதுதான். ‘ஃப்ளோக்கி’, ‘நௌக்கி’, ‘நிஹிலி’, ‘பிலி’ ஆகிய நான்குமே ஒன்றை அற்பமென மதிப்பிட லத்தீனில் ஆளப்பட்டவை. அவற்றுள் முதலாவது கம்பளித் துணுக்கு, கடைசி மயிர்; பின்னதை நாமும் அதே வேலைக்குத்தான் வைத்திருக்கிறோம்.

இனி இப்பகுதியில் ஒவ்வொரு சொல்லின் மூலத்தையும் நம்பத்தக்க அகராதியில் சரிபார்த்த பிறகே வெளியிடுமாறும், ஐயத்திற்குரியதாயின் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்