சுழிக்குள் கோடு

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். சின்னவளின் தேர்வு முடிவு வந்ததும் எழுது. பெரியவர் வழக்கம்போல் ஊரையே திட்டிக்கொண்டு திடமாக இருக்கிறார்.

இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதக் காரணம், என் திரையில் எழுத்துரு மாறிவிட்டது. சிரிக்காதே. நான் சாகும்வரை டெஜாவூ சான்ஸ் மோனோ எழுத்துருவை விடமாட்டேன் என்று நீ கட்டிய பந்தயம் நினைவிருக்கிறது. தொகையை நேரில் வந்து கொடு.

இப்போது அயோசெவ்கா. இதுவும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருதான். அதே வகையைச் சேர்ந்த கூரியர், சோர்ஸ் கோட் புரோ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ ஆகியவற்றில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கும் அகலம் உருவளவில் 60 விழுக்காடு. இதில் 50 மட்டுமே. ஆகவே 100 எழுத்துகள் அடங்கும் இடத்தில், அளவைக் குறைக்காமலேயே 120 அடங்குகின்றன. மடிக்கணினியிலும் இரு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. ஒல்லி எழுத்து கண்ணை உறுத்தும் என்பாய். வரி இடைவெளியைச் சற்றே கூட்டினால் உறுத்தாது.

அதைவிட என்னை மயக்கியது வேறு. எந்த எழுத்துக்கு எந்த வடிவம் வேண்டும் என்று ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிக் கொடுத்தால், அதன்படியே எழுத்துருவை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். சுழியத்துக்குள் குறுக்குக்கோடு இட்டேன், சிற்றெழுத்து ‘எல்’லுக்கு அடியில் வால் வளைத்தேன், அதன்பின் அது எண் ஒன்றோடு குழம்புவதில்லை. அடுத்தடுத்த குறிகளை இணைத்து ஒரே வடிவமாகக் காட்டும் லிகேச்சர்களை முழுவதும் நீக்கினேன். ஃபிரா கோடு எழுத்துருவில் ஆச்சரியக்குறியும் சமக்குறியும் இணைந்து வெட்டுப்பட்ட ஒற்றைச் சமக்குறியாவது உனக்கு அழகு. கோப்பில் இரண்டு குறிகள் இருக்கையில் திரை ஒன்றைக் காட்டுவது எனக்குப் பொய். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடு.

மனத்தை அரிப்பது தமிழ்தான். கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினல் தன் திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் எத்தனை கட்டம் என்று அட்டவணை பார்த்து ஒதுக்குகிறது. அந்தக் கணக்கில் பல டெர்மினல்களில் ‘கி’ இரண்டு கட்டம் பெறுகிறது, ‘கீ’க்கு ஒன்றுதான். ஈகாரக் குறியையும் புள்ளியையும் இடம் அடைக்காதவை என்றும், இகர உகரக் குறிகளை இடம் அடைப்பவை என்றும் யூனிகோடு வகைப்படுத்தியிருப்பதால் வந்த வினை இது. ‘ண’வோ, முற்றுப்புள்ளிக்குக் கிடைக்கும் அதே ஒற்றைக் கட்டத்துக்குள் நசுங்குகிறது, இல்லையேல் அடுத்த எழுத்தின்மேல் சாய்கிறது. தமிழில் கோப்புப் பெயர் வைக்கச் சொல்லி எங்களை நச்சரித்தவன் நீ. டெர்மினலில் அந்தக் கோப்புப் பட்டியலின் பத்திகள் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாயா? எந்த எழுத்துருவைத் திருத்தினாலும் இது தீராது. அட்டவணையையே மாற்றினாலும், டெர்மினலும் அதற்குள் ஓடும் நிரலும் ஒரே கணக்கைப் பின்பற்றாவிட்டால் எழுத்து ஓரிடத்திலும் கர்சர் வேறிடத்திலும் நிற்கும்.

‘மின்னல்’, ‘மீன்’ என்ற பெயர்களில் இரு கோப்புகளை உருவாக்கிப் பட்டியலிட்டு, திரைப்பிடிப்பையும் உன் டெர்மினலின் பெயரையும் அனுப்பு. என் அமைப்புக் கோப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். லிகேச்சர் வேண்டுமென்றால் நீயே சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்