ஷூவைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளகெவி அண்ணனுக்கு

கொடைக்கானலிலிருந்து வெள்ளகெவி என்கிற மலைக்கிராமம் வழியாக, அடிவாரத்துக் கும்பக்கரை அருவிக்கு நடந்து இறங்கும்போது காலில் அடிபட்டு, வீடு வந்து சேர்ந்து இன்றோடு 5 நாள். கால் மாவுக்கட்டில் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். நண்பர்களே, நடந்ததை நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிட்டீர்கள். சில விவரம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. அதனால் அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில், வழிகாட்டி இல்லாமல், 11 மணிக்கு மேல் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிக் கீழே இறங்கலாம் என்று அடம்பிடித்தது நான்தான். கூட வந்த இரண்டு பேரையும் யாரும் திட்ட வேண்டாம்.

கும்பக்கரையில் வண்டியோடு காத்திருந்து, இருட்டியதும் பதறிப்போய் ஊர் முழுக்கப் போன் போட்ட டிரைவர் தம்பி, மழையில் டார்ச் அடித்துக்கொண்டு எங்களைத் தேடி வந்த வெள்ளகெவிப் பையன்கள், வனத்துறைக்காரர்கள், 108-இல் வந்தவர்கள், பெரியகுளம் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டுவிட்ட டாக்டர், நர்ஸ் அக்காமார்கள், எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனியாக ஒன்று. இந்தப் பக்கத்தில் மலைக்குப் போன ஆளைக் காணோம் என்றால் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்த 2018 குரங்கணிக் காட்டுத்தீதான் எவருக்கும் முதலில் ஞாபகம் வரும். அந்த இரவு முழுவதும் அம்மாவை டிவி போட விடாமல் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

இனி அந்த அண்ணனைப் பற்றி. பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளகெவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு கோயில் என்கிற மாதிரி ஊர், மண்ணே சாமி. எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று ராத்திரி ஊர் எல்லையில் என்னை இறக்கி வைத்து, முதலில் ஷூவைக் கழற்றச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. இடது கால் வீங்கிப் போய், நாடாவை அறுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. 'இப்ப இதுதானா முக்கியம்' என்று வாய்விட்டே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஷூவை ஒரு பாறை மேல் வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கருப்பட்டி போட்ட கடுங்காப்பி கொடுத்தார்கள். ஒரு பாட்டி தன்னுடைய கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, அடுப்புப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டார்.

காலையில் மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி டோலி தயார் செய்தார்கள். நாலு பேர் தூக்கிப் போகிற நாள் ஒன்று வரும் என்று தெரியும். அதைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. என் எடை 84 கிலோ. மழையில் வழுக்குகிற கல்பாதை. வெறுங்காலோடு, தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கினார்கள்.

பாதிவழியில் இளைப்பாற இறக்கியபோதுதான் கவனித்தேன். தூக்குகிற ஆட்களில் சேராத ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், உரச்சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக வருகிறார். காப்பிக் கொட்டை என்று நினைத்தேன். கேட்டதும் பிரித்துக் காட்டினார். உள்ளே என் ஷூ.

விடிவதற்கு முன்னால் எல்லைக்குப் போய் எடுத்திருக்கிறார். சேற்றை வழித்துவிட்டு, ஈரம் இழுக்கட்டும் என்று உள்ளே காய்ந்த காப்பித் தோலை அடைத்து வைத்திருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஊருக்குள் செருப்பைக் கொண்டு வரலாமா என்று மட்டும் கேட்டேன்.

"கால்ல போடக் கூடாதுன்னுதான் இருக்கு. சாக்குல கட்டிக் கொண்டாந்ததுக்குச் சாமி கோவிச்சுக்காது" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஆஸ்பத்திரியில வெறுங்காலோட போய் எறங்குனா ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்ல" என்றார்.

தன் கால் அந்தக் கல்லில் படுவதைப் பற்றி அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. என் கூச்சத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். கட்டுப் போட்ட காலில் ஷூ ஏறாது என்பது வேறு விஷயம்! கும்பக்கரையில் வலது காலுக்கு மட்டும் அவரே மாட்டி, குதிரைக்குப் பாரம் கட்டுகிற முடிச்சாக ஒன்று போட்டுவிட்டார். மருத்துவமனையில் அந்த நர்ஸ் அக்கா அதை அவிழ்க்கப் பட்ட பாடு இருக்கிறதே.

1821-இல் நில அளவைக்கு வந்த வார்டு துரை இந்த வெள்ளகெவியிலிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார். காட் ரோடு என்கிற மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைக்குப் போன வெள்ளைக்காரர்களையும் நம் ஆட்கள்தான் சுமந்தார்கள். வந்தவர்களின் பேர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, தூக்கினவர்களின் பேர் இல்லை. பிரசவ வலி வந்த தங்கள் வீட்டுப் பெண்களையும் இந்த மக்கள் இதே கழியில், இதே வழியில்தான் இறக்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு நாள் கதை.

நண்பர்கள் சிலர் அந்த நாலு பேருக்கும் நல்ல ஷூ வாங்கிக் கொடுக்கலாம் என்று பணம் சேர்க்கிறார்களாம். நல்ல மனசுதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். பணத்தை நீட்டியபோது வாங்க மறுத்தார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நான் நச்சரித்ததில் அண்ணன் ஒன்று கேட்டார்: காப்பி காயப்போடத் தார்ப்பாய்.

அண்ணே, இதை உங்கள் பேரன் படித்துக் காட்டுவான் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்ன 15-க்கு 20 அடி இங்கே கிடைக்கவில்லை, 12-க்கு 18 தான் இருக்கிறது. திண்டுக்கல்லில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் குதிரை கீழே இறங்கும் நாளைச் சொன்னால் டிரைவர் தம்பி கும்பக்கரைக்குக் கொண்டு வந்து தருவான். பாட்டியின் கம்பளியைத் துவைத்தாயிற்று, அதுவும் கூடவே வரும். சாக்கு மட்டும் என்னிடம் இருக்கட்டும். மாசியில் கால் சரியானதும் ஷூவை அதில் கட்டிக்கொண்டு, வழிகாட்டியோடு, காலையிலேயே கிளம்பி வருகிறேன்.