காய்ச்சலுக்கும் அரியர் போடும் நம் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஐயா, கல்விக் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பட்டமளிப்பு விழாவுக்கான டிஸ்டிங்ஷன் பட்டியலையும் பதக்கப் பட்டியலையும் போன வாரம் ஒட்டியிருந்தீர்கள். மின்னியல் துறையில் டிப்ளமோ முடிக்கிற என் தங்கச்சி பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்: டெங்கு வந்து ஒரு பேப்பரை எழுத முடியாமல் போனதால் அது அரியர், அதாவது பாக்கித் தேர்வு, ஆகிவிட்டது. அவள் கொடுத்த மனுவும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. மனுவுக்கு வந்த பதில் "விதி அப்படி" என்ற இரண்டே வார்த்தை, அதுவும் வாய்மொழியாக. அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

நம் விதிப் புத்தகம் டிஸ்டிங்ஷனுக்கு என்ன கேட்கிறது? மொத்தத்தில் 75 சதவீதம், மூன்று வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும், முதல் இரண்டு செமஸ்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். முதல் வருடத்துக்கு விலக்கு கொடுத்தது நல்ல விஷயம். தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகள் கணக்கிலும் இயற்பியலிலும் தடுமாறுவார்கள் என்று யாரோ யோசித்து வைத்த விலக்கு அது, நானும் அதில் பிழைத்தவன்தான். ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். முதல் செமஸ்டர் கணக்கில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவருக்கு டிஸ்டிங்ஷன் உண்டு. எந்தப் பரீட்சையிலும் ஃபெயிலே ஆகாத பெண்ணுக்கு, மூன்றாவது செமஸ்டரில் ஒரு பேப்பர் நடந்த அன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் கிடையாது.

அந்த நவம்பரில் அவளுக்கு டெங்கு. அரசு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டு, தட்டணுக்கள் 30,000-க்குக் கீழே இறங்கிவிட்டது, கையில் டிரிப்ஸ். சர்க்யூட் தியரி பேப்பர் அன்று காலை டியூட்டி டாக்டரிடம் "மூணு மணி நேரம் மட்டும் விடுங்க சார், எழுதிட்டு வந்துடுறேன்" என்று கெஞ்சினாள். அவர் திட்டிவிட்டார். திட்டாமல் என்ன செய்வார், உள்ளே எங்காவது ரத்தக்கசிவு ஆனால் யார் பொறுப்பு? அம்மா துறைத் தலைவருக்குப் போன் செய்தபோது, ஆம்புலன்ஸில் கூட்டி வந்தால் தனி ரூமில் எழுத வைக்கலாம் என்று பதில் வந்தது. அவர் உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார், அதை நான் நம்புகிறேன். ஆனால் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றி ஹாலுக்குக் கொண்டுவருவது நல்ல யோசனை என்று ஒரு ஆசிரியருக்கே தோன்றுகிறது என்றால், உங்கள் விதி மனிதர்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பேப்பரை அடுத்த ஏப்ரலில், அந்த செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து எழுதி 94 எடுத்தாள். துறையிலேயே மொத்த மதிப்பெண்ணில் அவள்தான் முதலில் இருக்கிறாள். ஆனால் மதிப்பெண் பட்டியலில் மூன்றாவது செமஸ்டர் பாடங்களில் அந்த ஒன்றுக்கு நேராக மட்டும் தேர்ச்சி மாதம் ஏப்ரல் என்று இருக்கிறது. வேலைக்கு எடுக்க வருகிற கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அரியர் ஹிஸ்டரி, அதாவது எப்போதாவது அரியர் வைத்த வரலாறு, இருக்கக்கூடாது என்று நோட்டீஸிலேயே போட்டுவிடுகிறார்கள், அங்கே போய் டெங்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவளுக்குப் பதிலாகப் பதக்கம் வாங்கப்போகிற பையன் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாகப் படிக்கிற பையன், அவனே வீட்டுக்கு வந்து சங்கடப்பட்டுவிட்டுப் போனான். அலுவலகத்தில் யாருக்கும் அந்தச் சங்கடம் வந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததால் எழுத முடியாமல் போன தேர்வை ஒரு முயற்சியாகக் கணக்கிடாதீர்கள்.

இது உலகத்தில் இல்லாத புதுமையும் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ. விதிமுறைகளில் வித்ட்ராயல் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு முடியாமல் போனாலோ குடும்பத்தில் எதிர்பாராமல் ஏதாவது நடந்தாலோ, மாணவர் அனுமதி வாங்கித் தேர்விலிருந்து விலகிக்கொள்ளலாம், படிப்புக் காலம் முழுக்க ஒரே ஒரு தடவை. அப்படி விலகியதால் டிஸ்டிங்ஷன் போகாது. 2017 விதிமுறையிலும் இருக்கிறது, 2021 விதிமுறையிலும் இருக்கிறது. பி.இ. படிக்கிறவருக்குக் காய்ச்சல் வரலாம், டிப்ளமோ படிக்கிறவளுக்கு வரக்கூடாது என்று கொசுவிடம் யாராவது சொல்லி வைத்திருக்கிறீர்களா?

கொசு என்றதும் கொரோனா ஞாபகம் வருகிறது. 2020 ஆகஸ்டில் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தது, பையன்கள் முதலமைச்சருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் எல்லாம் ஒட்டினார்கள், அப்புறம் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எதிர்த்து, உயர்நீதிமன்றம் ஒத்துக்கொள்ளாமல், கடைசியில் எழுதித்தான் ஆகவேண்டும் என்று முடிந்தது. அந்த மாதிரிச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை. அவள் எழுதிவிட்டாள், 94 வாங்கிவிட்டாள். நோய் ஊருக்கே வந்தால் பேரிடர், ஒருத்திக்கு மட்டும் வந்தால் அரியர், இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

இவள் அரசுப் பள்ளியில் படித்து, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிப் படித்தவள். பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடக்கூடாது என்று அரசு காசு கொடுக்கிறது. நீங்கள் பட்டமளிப்பு அங்கிக்கு வாடகை, போட்டோவுக்குத் தனி, சாப்பாட்டுக் கூப்பனுக்குத் தனி என்று வாங்குகிறீர்கள், ஒரு மாணவருக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்று சுற்றறிக்கை வேறு. எங்கள் வீட்டில் ஆயா உட்பட ஐந்து பேர். வருகிற இரண்டு பேரும் சிறப்பு விருந்தினருக்காக எத்தனை மணி நேரம் காத்திருப்பார்கள் என்பது, என் பேட்ச் விழாவைப் பார்த்தவன் என்பதால் எனக்கே தெரியும். சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. கேட்டில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்! விதியை நாமே திருத்திக்கொள்ளலாம் என்பதுதானே தன்னாட்சியில் இருக்கிற வசதி? பாடத்திட்டத்தை மாற்றுவதற்குக் கல்விக் குழு கூடுகிறது, கட்டணத்தை ஏற்றுவதற்கு யார் கூடுகிறார்களோ தெரியாது, அது தானாக நடந்துவிடுகிறது. உள்நோயாளியாக இருந்த நாளின் தேர்வு முயற்சியாகக் கருதப்படாது என்று ஒரு வரி சேர்ப்பதற்கும் தயவுசெய்து ஒருமுறை கூடுங்கள். பொய்ச் சான்றிதழ் வந்துவிடும் என்ற பயம் இருந்தால் அரசு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் செல்லும் என்று வையுங்கள், ஒரே ஒரு தடவை என்று வையுங்கள். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வரி இந்த வருடம் முடிக்கிறவர்களுக்கும் பொருந்த வேண்டும். இவள் ஒருத்திதான் என்று நினைக்காதீர்கள், சிவில் துறையில் விபத்தில் கால் உடைந்த பையனும் இதே வரிசையில்தான் நிற்கிறான்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஏப்ரல் மதிப்பெண் பட்டியல், மூன்றின் நகலும் மனுவோடு இணைத்தாகிவிட்டது. பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பதுதான் முடிவு என்றாலும், அதைக் காரணத்தோடு, கையெழுத்துப் போட்டு, எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவன்,
மின்னியல் துறை இறுதியாண்டு மாணவியின் அண்ணன்