சோபாவை ஓட்டிவிடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருபத்தாறு வயசுப் பெண்ணை ஊரறியப் பாப்பா என்று கூப்பிடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பெயரைப் போட்டால் உன் அப்பா போன் போட்டு என்னைத்தான் திட்டுவார். பிள்ளை மைக் பிடித்து ஜோக் சொல்லப் போனதற்கே காரணம் நான்தான் என்று அவருக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் ஏதோ அமெரிக்க டாக் ஷோ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருத்தர் நின்றுகொண்டு ஐந்து நிமிஷம் ஜோக் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தாய். அவர் போய் சோபாவில் உட்கார்ந்ததும் உன் கட்டைவிரல் டக் டக்கென்று திரையைத் தட்ட ஆரம்பித்தது. பத்துப் பத்து நொடியாக மொத்தப் பேச்சும் பறந்தது. "ஏம்மா ஓட்டுறே?" என்றேன். "அது சும்மா அரட்டை சித்தப்பா. பிள்ளை எப்படி இருக்கு, நாய் எப்படி இருக்குன்னு. ஜோக்தான் வேலை, மீதியெல்லாம் மொக்கை" என்றாய். அதற்குள் உன் சித்தி காபியோடு வந்துவிட்டாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் இந்தக் கடிதம்.

நீ ஓட்டிவிட்ட அந்த சோபாவுக்காக ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

டிக் கிரிகரி என்று பெயர். 1932-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிறந்த கறுப்பினத்தவர். கல்லூரியில் ஓட்டப்பந்தயக்காரர். சிகாகோவில் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர், ராத்திரி கிளப்புகளில் ஜோக் சொன்னவர். கறுப்பர்களை ஒதுக்கிவைத்த தென் மாநிலமான மிசிசிப்பிக்குப் போகிற கடிதங்களை வெளிநாட்டுத் தபால் பக்கம் போட்டதால் அந்த வேலை போனது என்பது அவரே சொல்லிச் சிரித்த கதை.

1961 ஜனவரியில் சிகாகோ பிளேபாய் கிளப்பில் வேறொருவருக்குப் பதிலாக ஒரு ராத்திரி பேசக் கூப்பிட்டார்கள். சம்பளம் 50 டாலர். பனியில் ஓடிப் போய்ச் சேர்ந்தால், கூட்டம் முழுக்கத் தென் மாநிலங்களிலிருந்து மாநாட்டுக்கு வந்திருந்த உறைபதன உணவுக் கம்பெனிக்காரர்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கிளப்காரர்களே சொல்லிப் பார்த்தார்கள். இவர் மேடை ஏறிவிட்டார். தெற்கை எனக்கு நல்லாத் தெரியும், ஒரே ராத்திரியில் இருபது வருஷம் அங்கே இருந்திருக்கேன் என்று ஆரம்பித்தாராம். அடுத்தது அவருடைய பிரபலமான ஹோட்டல் ஜோக். உள்ளே போய் உட்கார்கிறார். "நாங்க கறுப்பர்களுக்குப் பரிமாறுறதில்லை" என்கிறாள் பணிப்பெண். "பரவாயில்லைம்மா, நானும் கறுப்பர்களைச் சாப்பிடுறதில்லை. ஒரு முழுக் கோழி வறுவல் கொண்டா" என்கிறார்.

தமிழில் இது கொஞ்சம் செத்துத்தான் போகிறது. கறுப்பர்களுக்குப் பரிமாறுவதும் கறுப்பர்களையே பரிமாறுவதும் இங்கிலீஷில் ஒரே வாக்கியம். நமக்கு நான்காம் வேற்றுமை வேறு, இரண்டாம் வேற்றுமை வேறு. அந்த ஊரில் பிரச்சினையே வேற்றுமைதான் என்று நீயே ஒரு கடி போட்டுக்கொள்.

கிளப்பில் இடம் நிலைத்தது, பத்திரிகைகளில் பெயர் வந்தது. அப்போது ராத்திரி டாக் ஷோ என்றால் என்பிசி டிவியில் ஜாக் பார் நடத்திய டுநைட் ஷோதான். அதில் ஒரு தடவை வந்துவிட்டால் நாடே பார்த்த மாதிரி. கிரிகரியும் கனவு கண்டுகொண்டிருந்தார். அப்போதுதான் பாடகர் பில்லி எக்ஸ்டைன் காதில் ஒன்று போட்டார்: நம்ம ஆளுங்க அங்கே வந்து பாடலாம், ஜோக் சொல்லலாம், சோபாவில் மட்டும் உட்கார முடியாது. வேலை முடிந்ததும் கைதட்டு வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வெள்ளைக்காரர் என்றால் ஜாக் பார் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார். கிரிகரி வீட்டுக்குப் போய் மனைவி லில்லியனிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த ஷோவை எத்தனையோ ராத்திரி பார்த்தவர், இதை மட்டும் கவனித்ததே இல்லை.

பிறகு நிஜமாகவே அங்கிருந்து போன் வந்தது. வர மாட்டேன் என்று வைத்துவிட்டார். அடுத்த போன் ஜாக் பாரே போட்டது. ஏன் வர மாட்டேன் என்கிறீர்கள்? கறுப்பர்களை நீங்கள் உட்கார வைப்பதில்லையாமே. சரி வாங்க, உட்கார வைக்கிறேன். இவ்வளவுதான் பேச்சு. பின்னாளில் எத்தனையோ நேர்காணல்களில் கிரிகரி இதைச் சொல்லியிருக்கிறார்.

போனார், ஜோக் சொன்னார், உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசியது என்ன தெரியுமா? நீ மொக்கை என்றாயே, அதேதான். வீடு, பிள்ளைகள். அந்த ராத்திரி டிவி நிலையத்துக்குப் போன் மேல் போன் வந்ததாம். கூப்பிட்டவர்களில் வெள்ளைக்காரர்கள் பலர் சொன்னது: கறுப்பினக் குழந்தைகளும் நம்ம குழந்தைகள் மாதிரியேதான் என்று இன்றுவரை தெரியாது. வாரத்துக்கு 250 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்குச் சில வாரங்களில் ராத்திரிக்கு 5,000 டாலர் என்று ஆனதாக அவர் கணக்குச் சொல்வார்.

அந்த ஜோக்குக்கு அவர்கள் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது, பாப்பா. சிரிப்பது சுலபம். காசு கொடுத்தோம், சிரித்தோம், எழுந்து போனோம். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவன் சொன்னால் அப்படிப் போய்விட முடியாது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் நிற்பதும் உட்காருவதும் சின்ன விஷயம் இல்லை. வட கரோலினாவில் ஹாரி கோல்டன் என்று ஒரு குசும்புபிடித்த பத்திரிகைக்காரர் 1950களில் ஒரு யோசனை எழுதினார். மளிகைக் கடையில், பாங்கில் கறுப்பர் பக்கத்தில் வெள்ளைக்காரர் பேசாமல் நிற்கிறார். உட்கார்ந்தால்தான் தகராறு. அதனால் பள்ளிக்கூடங்களில் நாற்காலிகளை எல்லாம் தூக்கிவிட்டால் இனப்பிரச்சினை தீர்ந்தது, பிள்ளைகள் நின்றே படிக்கட்டும் என்றார். கிண்டல்தான். ஆனால் அதே மாநிலத்து கிரீன்ஸ்போரோ ஊரில் வுல்வொர்த் கடையில் கறுப்பினத்தவர் நின்று சாப்பிட ஒரு பக்கம் இருந்தது. ஸ்டூல் போட்ட பக்கம் வெள்ளையருக்கு மட்டும். 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நான்கு கல்லூரி மாணவர்கள் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து காபி கேட்டதுதான் பெரிய போராட்டம் ஆனது. கிரிகரி போனில் அடம்பிடித்தது அடுத்த வருஷம். ஸ்டாண்ட்-அப், ஸ்டாண்ட்-அப் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாயே, நின்றுகொண்டு பேச அவரை யாரும் தடுக்கவே இல்லை.

இது உனக்குப் புரியாமல் போகாது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீட்டிலிருந்து அப்பத்தா முகம் சிவந்து திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். "உக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?" என்று அதையே ஆறு மாசம் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் பார்த்துவிடு. 1968 பிப்ரவரியில், ஜாக் பாருக்குப் பிறகு ஷோவை நடத்திய ஜானி கார்சன் லீவு போட்டபோது அதே டுநைட் ஷோவை ஒரு வாரம் பாடகர் ஹாரி பெலஃபான்டே நடத்தினார். ஏழு வருஷத்துக்கு முன் உட்காரவே வழியில்லாத இடத்தில் ஒரு கறுப்பினத்தவர் வீட்டுக்காரர் மாதிரி எல்லாரையும் வரவேற்கிறார். மார்ட்டின் லூதர் கிங் வந்தார். சிலை மாதிரி கிங்கைத்தானே நமக்குத் தெரியும்? அங்கே விமானம் கோளாறாகித் தாமதமான கதையைச் சொல்கிறார், நம்ம வீட்டு மாமா பஸ் பிரேக்டவுன் ஆனதைச் சொல்வது போல. தரையைத் தொட்டதும் ரொம்பச் சந்தோஷமாம். பாதிரியாரான எனக்கு வானத்தில் கடவுள் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், தரையில்தான் அவரோடு எனக்கு அதிகப் பழக்கம் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அதே நாற்காலியில்தான் சற்றைக்கெல்லாம் உயிருக்குப் பயமா என்று பெலஃபான்டே கேட்கிறார், எத்தனை நாள் வாழ்கிறோம் என்பது முக்கியமில்லை என்கிறார் கிங். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வாரத்து ஒளிப்பதிவில் பெரும்பகுதி இன்று இல்லை. கிங் பேசியது தப்பிப் பிழைத்திருக்கிறது.

கிரிகரி அந்த 5,000 டாலரோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. போராட்டங்களுக்குப் போய் ஜெயிலைப் பார்த்தார். 1965-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தில் சமாதானம் செய்யப் போய்க் காலில் குண்டு வாங்கினார். 1968-ல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். தன் படம் போட்ட டாலர் நோட்டைத் துண்டுப் பிரசுரமாக அடித்தார். அது சில்லறை மாற்றும் இயந்திரத்துக்குள் போக ஆரம்பித்ததும் அரசாங்கம் பறிமுதல் செய்தது. கிடைத்த ஓட்டு சுமார் 47,000. 2017-ல் போய்ச் சேர்ந்தார்.

நீ சொன்னதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு சோபாவில் உட்காருகிறவர்களில் பலர் படத்தை விற்க வந்தவர்கள். அதை ஓட்டு, நானும் ஓட்டத்தான் செய்கிறேன். ஓட்டுவதற்கு முன் யார் நிற்கிறார்கள், யாரை உட்காரச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் பார்.

சனிக்கிழமை உன் நிகழ்ச்சிக்கு நானும் சித்தியும் வருகிறோம். உன் அப்பாவையும் இழுத்து வரப் பார்க்கிறேன். போன தடவை அந்தக் கபேயில் இரண்டு மணி நேரம் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டாய், முட்டி நான்கு நாள் வலித்தது. முன்வரிசையில் மூன்று நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
சித்தப்பா